பன்னிரண்டு வயதுக்குக் கீழ்

கையால் தூக்கிக்கொண்டு ஓடும் ஒரு விளையாட்டுக்குக் கால்பந்து என்று பெயர் வைத்தவனை நான் இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன். கேலிக் (Gaelic, நையாண்டி அல்ல) கால்பந்து என்பது அயர்லாந்துக்காரர்களின் விளையாட்டு. அதில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம். ஆனால் நாலு அடிதான். நாலாவது அடியில் பந்தை நிலத்தில் ஒருமுறை குத்தவேண்டும், அல்லது காலில் போட்டுத் தட்டித் திரும்பக் கைக்கு எடுக்கவேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை குத்தினால் குற்றம். காலில் எத்தனை முறை தட்டினாலும் குற்றமில்லை. நிலத்தில் கிடக்கிற பந்தைக் குனிந்து கையால் எடுத்தால் அதுவும் குற்றம், பாதத்தை அடியில் நுழைத்து நெம்பி எடுக்கவேண்டும். கோல் கம்பங்கள் இரண்டும் ஆகாயத்தைப் பார்த்து நிற்கும். குறுக்குச் சட்டத்துக்குக் கீழே பந்து போனால் கோல், மூன்று புள்ளி. மேலே போனால் ஒரு புள்ளி. இந்தக் கணக்கையாவது கூட்டிப் பலகையில் போடுவார்களா என்றால், மாட்டார்கள். ‘இரண்டு – ஒன்பது’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். மூன்றால் பெருக்கிக் கூட்டுவது பார்க்க வந்தவன் பாடு.

இவ்வளவையும் நான் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டேன். கிளித்தட்டு விளையாடி வளர்ந்தவனுக்கு மற்றவர்களுடைய விளையாட்டுச் சட்டத்தைப் பார்த்துச் சிரிக்க உரிமையில்லை. நான் ஏற்றுக்கொள்ளாத சட்டம் ஒன்றே ஒன்றுதான். அது பந்தைப் பற்றியது அல்ல, வயதைப் பற்றியது. அதை நினைத்தால் இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தேநீர் இறங்காது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அப்போது நாங்கள் ஹரோவில், ஒரு பக்கச் சுவரைப் பக்கத்து வீட்டோடு பங்குபோட்ட ஒரு வீட்டில் இருந்தோம். நானும் மனைவியும் ஒரே மகளும். எனக்கு லண்டனின் ஒரு கவுன்சிலில் வேலை. கார் நிறுத்தியதற்குத் தண்டம் வாங்கியவர்கள் எழுதும் முறையீடுகளைப் படித்து, ‘தங்கள் சூழ்நிலையை நாம் முழுமையாகப் புரிந்துகொள்கிறோம்’ என்று தொடங்கி, ‘ஆயினும்’ என்று திரும்பி, நிராகரிப்பது. அந்த ‘ஆயினும்’ போடும் கலையில் எனக்கு ஆறு வருட அனுபவம். தாய் செத்த வீட்டுக்கு ஓடியவனுக்கும் நான் ‘ஆயினும்’ போட்டிருக்கிறேன். ஆகவே சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் வந்தது என்றால், கசாப்புக் கடைக்காரனுக்கு இரத்தத்தைக் கண்டு மயக்கம் வந்த கதைதான்.

அந்த விளையாட்டு எங்கள் வீட்டுக்குள் கூரை வழியாக வந்தது. குளியலறைக் குழாய் வெடித்து வரவேற்பறைக் கூரை இடிந்து விழ, அதைப் பூசித்தர ஓர் அயர்லாந்துக்காரர் வந்தார். ஐம்பது வயது, கதவளவு அகலம், பேசினால் எனக்கு நாலில் ஒரு சொல் விளங்கும். (அவரும் மற்றவர்களும் ஆங்கிலத்தில் சொன்னதை நான் இங்கே தமிழில் தருகிறேன். முதல் ஆறு மாதம் நான் விளங்கிக்கொண்டதைவிட இது தெளிவாக இருக்கும்.) அவர் ஏணியில் நின்றபடி ஜன்னலால் பின்வளவைப் பார்த்தார். மகள் ஒரு பந்தைச் சுவரில் எறிந்து எறிந்து ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அது உங்கட பிள்ளையா?”

“ஓம், என்னுடையதுதான்.” சத்தம் தொந்தரவாக இருக்கிறதாக்கும் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன்.

“மன்னிப்பு என்னத்துக்கு? அந்தக் கையைப் பாருங்க. ஞாயிற்றுக்கிழமை காலையில கூட்டிக்கொண்டு வாங்க.”

அவர் எங்கள் பக்கத்துச் சிறுவர் அணி ஒன்றுக்குக் கோச். சம்பளம் கிடையாது. அந்த விளையாட்டில் யாருக்குமே சம்பளம் கிடையாது என்று அவர் சொன்னபோது எனக்கு மரியாதை வந்தது. பிறகு அந்தச் சங்கத்தின் அமைப்பை விளக்கினார். அங்கே ஒவ்வொருவனும் தன் கோயில்பற்றுக்கு, அதாவது தன் தேவாலயத்தைச் சேர்ந்த ஊருக்குத்தான் ஆடவேண்டும், பிறகு தன் மாவட்டத்துக்கு, அதன்மேல் மாகாணம். இன்னொரு ஊர் அணி நல்ல அணி என்பதற்காக அங்கே போய்விட ஏலாது. போவதென்றால் அதற்கு ஒரு விண்ணப்பம், ஒரு குழு, ஒரு மறுப்பு. லண்டன் அந்தக் கணக்கில் அயர்லாந்தின் ஒரு மாவட்டம், மேற்கு மாகாணத்தோடு சேர்த்தி. இந்தச் செய்தி லண்டனுக்குத் தெரியாது.

அவர் நான் தலை கிறுகிறுத்துப்போவேன் என்று எதிர்பார்த்திருப்பார். எனக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. யாழ்ப்பாணத்துப் பழைய மாணவர் சங்கம் ஒன்றில் நான் மூன்று வருடம் உதவிச் செயலாளர். எங்கள் கோடைகால விளையாட்டுப் போட்டியிலும் ஒருவன் தான் படித்த பள்ளிக்கூடத்துக்குத்தான் பந்தடிக்கலாம். அங்கே ஐந்தாம் வகுப்புவரை மட்டும் படித்துவிட்டு மாறிப்போன ஒருவனை, உதைபந்தில் சூரன், நான்தான் மைதானத்தில் வைத்து நீக்கினேன். “அண்ணை, நான் அரிச்சுவடி படிச்சதே அங்கதான்” என்று அவன் கெஞ்சியபோதும், ‘ஆயினும்’.

ஆக, மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போகத் தொடங்கினாள். பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட அணி. அந்த வயதுவரை பெண்பிள்ளைகள் பையன்களோடு ஒரே அணியில் ஆடலாம். அதைத் தாண்டினால் பெண்களுக்கான தனி அணியில்தான். எங்கள் பக்கத்தில் அப்படி ஓர் அணி இருக்கவில்லை. பதின்மூன்று பையன்களுக்கு நடுவில் இவள் ஒருத்தி. முதல் மாதம் மூன்று விரலில் பிளாஸ்டர். இரண்டாவது மாதம் குளிருக்குள்ளே எழும்பித் தானே சாப்பாடு கட்டினாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஒன்பது மணிக்கும் கிளம்பாத பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குச் சப்பாத்தோடு கதவடியில் நிற்பாள். இரண்டாவது வருடம் அணியில் அவளைத் தவிர்த்து ஒரு திட்டமும் கிடையாது. பெப்ரவரி மாதம் அவளுடைய பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. மனைவி ஒரு பெரிய கேக் செய்து கொடுத்துவிட்டாள். சேற்றுக் கையோடு பதின்மூன்று பையன்களும் கோச்சும் பாட்டுப் பாடித் தின்றார்கள்.

அந்த வருடம் ஜூனில் அரையிறுதி ஆட்டம். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்க இரண்டு பக்கமும் சமம் (மூன்றால் பெருக்கித்தான் சொல்கிறேன்). மகள் பந்தைப் பிடித்து, நாலு அடி, ஒரு குத்து, நாலு அடி, காலில் ஒரு தட்டு, சட்டத்துக்கு மேலால் அனுப்பினாள். வெள்ளைக் கோட் போட்ட மனிதர், ஒரு புள்ளி என்பதற்கு அடையாளமான வெள்ளைக் கொடியைத் தூக்கினார். பையன்கள் அவள்மேல் குவிந்து விழுந்தார்கள். நான் என் வாழ்க்கையில் முதல்முறையாக, முன்பின் தெரியாத ஒரு மனிதனைக் கட்டிப்பிடித்தேன்.

இறுதி ஆட்டம் ஜூலையில். அடுத்த வருடம் அவள் அந்த அணியில் இருக்க முடியாது, வயது போய்விடும். அந்தப் பையன்களோடு அவளுக்கு அதுதான் கடைசி ஆட்டம். சுவரில் நாட்காட்டியைத் தொங்கவிட்டு நாட்களை வெட்டிக்கொண்டு வந்தாள்.

அரையிறுதி முடிந்து நாலாம் நாள் கோச் தொலைபேசியில் வந்தார். தோற்ற அணி ஓர் ஆட்சேபணை எழுதிக் கொடுத்திருக்கிறதாம். ‘பன்னிரண்டுக்குக் கீழ் அணிப் பிள்ளைக்கு இந்த உயரம் பொருந்தாது, வயதை விசாரிக்கவும்.’ எங்கள் பரம்பரையில் மூன்று தலைமுறையாகப் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க எட்டாது. உயரமாகப் பிறந்தது அவள் ஒருத்தி. அதையே குற்றமாக்கினார்கள்.

“பயப்படாதீங்க,” என்றார் கோச். “ஆட்சேபணை எங்கட தேசிய விளையாட்டு, கால்பந்து அதுக்குப் பிறகுதான். முந்தி எல்லாம் அயர்லாந்தில செய்த தாளில எழுதவேணும். வேற தாளில எழுதினா, தாளுக்கு எதிரா ஓர் ஆட்சேபணை போடுவம். நீங்க பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவாங்க. அஞ்சு நிமிச வேலை.”

நான் தொலைபேசியை வைத்தேன். மனைவி சமையலறை வாசலில் நின்றாள்.

“என்னவாம்?”

“பிறப்புச் சான்றிதழ் கேக்கினம்.”

அவள் கையில் இருந்த அகப்பையை மெல்ல மேசையில் வைத்தாள். அது எறிவதைவிட மோசம்.

விஷயம் இதுதான். மகள் பிறந்தது பெப்ரவரி ஆறாம் திகதி. நாங்கள் இடம்பெயர்ந்து ஓடிக்கொண்டிருந்த காலம், பிறப்பைப் பதியப் பல மாதம் பிந்திவிட்டது. நான் சொல்வதுதான் திகதி என்ற நிலை. எங்கள் நாட்டில் ஜனவரி முப்பத்தோராம் திகதிக்குள் ஐந்து வயது நிறைந்தால்தான் அந்த வருடம் முதலாம் வகுப்பு. இவளுக்கு ஆறு நாள் குறைகிறது. ஆறு நாளுக்காக ஒரு முழு வருடம் பிள்ளை வீட்டில் இருப்பதா? பிள்ளை அப்போது எழும்பி நிற்கவும் பழகவில்லை. எங்களுக்குக் கூரை கிடையாது, நாளைக்கு எந்த ஊரில் நித்திரை என்று தெரியாது. ஆனால் ஒரு யாழ்ப்பாணத்துத் தகப்பனாக நான் முதலாம் வகுப்பு அனுமதிக்குக் கணக்குப் போட்டுவிட்டேன். ஜனவரி முப்பது என்று சொல்லியிருந்தாலே போதும். யாரும் சந்தேகப்படாமல் இருக்கட்டும் என்று கொஞ்சம் தாராளமாக, டிசம்பர் இருபத்தேழு என்றேன். நாற்பத்தொரு நாள். பதிவாளர் தலை நிமிராமல் எழுதினார்.

எங்கள் நாட்டுப் பள்ளிக்கூடத்தில் அவள் ஒரு நாள்கூடப் படிக்கவில்லை. முதலாம் வகுப்பு வருமுன் லண்டனுக்கு வந்துவிட்டோம். இங்கே செப்டெம்பர் கணக்கு, டிசம்பரும் பெப்ரவரியும் ஒரே வகுப்பு. பொய் ஒன்றுக்கும் பயன்படாமல் அலமாரிக்குள் கிடந்தது. கடவுச்சீட்டில், மருத்துவர் அட்டையில், எல்லாவற்றிலும் டிசம்பர். கேக் மட்டும் பெப்ரவரியில். உலகம் முழுவதும் தேடி, அந்த நாற்பத்தொரு நாளின் நடுவில், ஜனவரி முதலாம் திகதியில் கோடு கிழித்து வைத்திருந்தவர்கள் அயர்லாந்துக்காரர்கள். ஆட்டம் நடக்கிற வருடத்தின் ஜனவரி ஒன்றன்று பன்னிரண்டு நிறைந்திருக்கக் கூடாது. உண்மையில் அவளுக்கு நிறையவில்லை. தாளில் ஐந்து நாளுக்கு முன்பே நிறைந்துவிட்டது.

“தை எண்டு போட்டாலே காணும் எண்டு நான் அப்பவே சொன்னனான்,” என்றாள் மனைவி, ஜனவரியைத் தை என்றும் டிசம்பரை மார்கழி என்றும் சொல்லும் எங்கள் ஊர் வழக்கில். “ஆர் உங்களை மார்கழிக்குப் போகச் சொன்னது?”

“ஒரு பாதுகாப்புக்கு.”

“ஆருக்குப் பாதுகாப்பு? இப்ப போய் உண்மையைச் சொல்லுங்கோவன்.”

“என்னெண்டு சொல்லுறது? குடியுரிமை விண்ணப்பம் உள்ளுக்குக் கிடக்கு. அதில மார்கழி எண்டு கையெழுத்து வைச்சிருக்கிறன். இஞ்ச வந்து அது பொய் எண்டு இன்னொரு தாளில எழுதி ஒரு சங்கத்தின்ர கோப்பில வைக்கிறதே? ஆராவது எடுத்து ஆருக்காவது காட்டினால்?”

“அப்ப பிள்ளை?”

பதிலுக்குக் கோபப்பட்டேன். அன்றிரவு முழுவதும் அந்தச் சங்கத்தின் அமைப்பையே நார்நாராகக் கிழித்தேன். பதினொரு வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தில் உயரம் அளக்கிற தகப்பன்மார், நாட்களை எண்ணுகிற குழு, பன்னிரண்டு பிறந்த காலையில் ஒரு பெண்பிள்ளையின் கால்கள் மாறிவிடும் என்று நினைக்கிற சட்டம். எல்லாம் நியாயமான கோபம். ஒரு சொல்லையும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் பதிவாளரையும் திட்டினேன். அந்த மனிதர் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்திருந்தால் பொய்யைக் கண்டுபிடித்திருக்கலாமே, அது அவருடைய கடமை அல்லவா?

குழு ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்தின் பின்மண்டபத்தில் கூடியது. மாலை ஏழு மணி, வெளியே நல்ல வெயில். மகள் தானும் வருவேன் என்றாள். அவளுக்கு இரண்டு பிறந்தநாளும் தெரியும், தாளில் உள்ளது ‘பிழைத் திகதி’ என்று சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருந்தோம். “நீங்க அவையளுக்குச் சொன்னா முடிஞ்சுது,” என்றாள் காரில். அணியின் மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

மண்டபத்தில் நீள மேசை. ஏழெட்டுப் பேர், குறிப்பெழுத ஒரு செயலாளர் அம்மா, தேநீர், பிஸ்கட். தலைவர் மெலிந்த, மரியாதையான ஒரு வயோதிபர். எங்களுக்குக் கதிரை போட்டுத் தந்தார். மகளைச் சுவரோரம் இருந்த வாங்கில் இருக்கச் சொன்னார்கள். நான் ஒரு கடிதம் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன், மூன்று பக்கம். விளையாட்டின் நோக்கம் என்ன, சட்டத்தின் எழுத்து எது, ஆவி எது என்றெல்லாம். திகதியைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. தலைவர் அதை வாங்கி மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, சான்றிதழைக் கையில் எடுத்தார்.

“டிசம்பர் இருபத்தேழு,” என்று வாசித்தார்.

“இருக்காது,” என்றார் கோச். “பெப்ரவரியில கேக் வெட்டினம். நான் இருந்தன். ரெண்டு துண்டு சாப்பிட்டன்.”

“நீங்க சாப்பிட்டது கூட்டக் குறிப்பில போகாது.”

“போகட்டும். பதின்மூன்று பிள்ளைகள் சாட்சி. தாளில பிழை இருக்கும். அவை சண்டைக்குள்ள இருந்து வந்தவை, அங்க ஆர் ஒழுங்காப் பதிஞ்சது? அவரைக் கேளுங்க.”

அந்த மனிதர், எதுவும் தெரியாமலே, எனக்கு வாசலைத் திறந்துவிட்டார். நான் ‘ஓம், பிழை’ என்று சொல்ல வேண்டியதுதான்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஐயா, நாங்க உங்களைக் குற்றம் சொல்லேல்லை. இந்தத் தாளில பிழை இருந்தால் சொல்லுங்க, நாங்க எழுதிக்கொண்டு, பிள்ளையை விளையாட விடுறம். இந்தத் திகதி சரிதானா?”

எழுதிக்கொண்டு. செயலாளர் அம்மா பேனாவைத் திறந்து வைத்திருந்தார். ஆறு வருடம் கோப்புகளோடு சீவித்தவனுக்கு ஒரு கோப்பு எத்தனை தூரம் நடந்து போகும் என்று தெரியும். நான் மகளைப் பார்க்கவில்லை.

“சரிதான்,” என்றேன்.

“அப்ப கேக்?” என்றார் கோச்.

அங்கேதான் நான் என் உச்சத்துக்குப் போனேன். எங்கள் பண்பாட்டில் பிறந்தநாளைத் திகதி பார்த்துக் கொண்டாடுவதில்லை என்றேன். நட்சத்திரம் பார்ப்போம், சந்திரனின் நடை பார்ப்போம், அது சில வருடங்களில் தள்ளிப்போகும் என்றேன். தள்ளிப்போகும்தான், சில நாள், மிஞ்சினால் இரண்டு மூன்று கிழமை. எந்த நட்சத்திரமும் நாற்பத்தொரு நாள் தள்ளிப்போனதாகச் சாத்திரம் கிடையாது. ஆனால் மேசையைச் சுற்றி இருந்தவர்களின் முகங்களில் ஒரு பணிவு வந்துவிட்டது. கோயிலுக்குள் நுழைந்தவர்கள் மாதிரி. செயலாளர் அம்மா ‘எவ்வளவு அழகு’ என்றார். கடைசியில் இருந்த கிழவர் ஒருவர், “என் அம்மாவும் தவக்காலத்தில வாற பிறந்தநாளைத் தள்ளித்தான் வைப்பா,” என்று தலையாட்டினார். கோச் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்புக்கு இரண்டு நிமிடம். ‘குடும்பத்தின் நல்லெண்ணத்தைக் குழு முழுமையாகப் புரிந்துகொள்கிறது.’ அடுத்த சொல் எனக்கு மனப்பாடம். தகுதியில்லாத ஆட்டக்காரர் ஆடியதால் அரையிறுதி எதிரணிக்கு. இறுதி ஆட்டத்துக்கு எங்கள் அணி போகாது. அவள் மட்டுமல்ல, பதின்மூன்று பையன்களும்.

நான் எழும்பினேன். தலைவர் கையைக் காட்டினார். “ஒரு நிமிஷம் இருங்க ஐயா. அடுத்த விஷயத்துக்கு உங்கட கருத்தும் பிரயோசனம்.” நிகழ்ச்சிநிரலை என் பக்கம் தள்ளினார். மூன்றாவது: ஆட்சேபணை. நாலாவது: லண்டனில் எமது விளையாட்டின் எதிர்காலம்.

எதிர்காலத்துக்குப் பிள்ளைகள் போதாதாம். அயர்லாந்திலிருந்து இப்போது யாரும் கட்டட வேலைக்கு வருவதில்லை, வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கணினிக்கு முன்னால் இருக்கிறார்கள், அணிகளை இணைத்து இணைத்து இனி இணைக்க அணி இல்லை. பாடசாலைகளுக்குப் போகவேண்டும் என்றார் ஒருவர். வேறு மொழிகளில் துண்டுப்பிரசுரம் அடிக்கலாம் என்றார் செயலாளர் அம்மா. பிறகு மிகுந்த அன்போடு என்னைப் பார்த்தார். “உங்கட சமூகத்திலயிருந்து பிள்ளைகளை எப்படிக் கொண்டுவரலாம்?”

என் பிள்ளை வாங்கில் இருந்தாள். அவருக்கும் அவளுக்கும் இடையில் பத்து அடி இருக்காது. மேசையைப் புரட்டியிருக்க வேண்டும். பிஸ்கட் தட்டையாவது. “யோசிச்சுச் சொல்லுறன்,” என்றேன். என்னை நம்பி அதையும் எழுதிக்கொண்டார்கள்.

வெளியே கார்த் தரிப்பிடத்தில் கோச் பின்னால் வந்தார். மகள் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திவிட்டாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“என் மாமன் பதினைஞ்சு வயசில லண்டனுக்கு வந்து பதினெட்டு எண்டு சொல்லித்தான் கொங்கிறீட் சுமந்தவர். பென்ஷன் எடுக்கப் போகேக்க எந்த வயசு தன்ரை எண்டு அவருக்கே தெரியாது. எனக்கு விளங்குது.” மண்டபக் கதவைத் திரும்பிப் பார்த்தார். “ஆனா பையன்களுக்கு நான் என்ன சொல்லுறது?”

“நட்சத்திரத்தைச் சொல்லுங்கோ,” என்றேன். பகிடி விட்டேனாம். அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு இருபது நிமிட ஓட்டம். பதினெட்டாவது நிமிடத்தில் கூப்பிட்டாள்.

“அப்பா.”

“என்னம்மா?”

“எனக்கு என்ன நட்சத்திரம்?”

எனக்குத் தெரியாது. ஓடிய ஓட்டத்தில் யார் பார்த்தார்கள்? “அம்மாவைக் கேக்கவேணும்,” என்றேன்.

“சரி,” என்றாள், மேற்சட்டையின் கழுத்தை மூக்குவரை இழுத்து விட்டுக்கொண்டு.

ஜூலை இறுதி ஆட்டத்தன்று கதவைப் பூட்டிக்கொண்டு படுத்திருந்தாள். அடுத்த நாள் பாடசாலையில், அணியில் ஆடிய ஒரு பையன் அவளுக்குப் பக்கத்தில் இருந்த கதிரையைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனான் என்று மனைவி மூலம் அறிந்தேன். ‘பொய்க்காரி’ என்றானாம். அவள் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லையாம். எதைச் சொல்வது? நான்தான் இரண்டு பக்கத்தையும் அடைத்துவிட்டிருந்தேனே.

குடியுரிமை இலையுதிர் காலத்தில் வந்தது. ஒரு மண்டபத்தில் நின்று உறுதிமொழி எடுத்து, படம் பிடித்து, ரோல்ஸ் தின்றோம். அந்தச் சங்கத்தின் கோப்பை யாரும் தேடி வரவில்லை. தேடி வந்திருப்பார்களா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதில் ஒரு வசதி இருக்கிறது. வந்திருக்கமாட்டார்கள் என்று யாராவது அடித்துச் சொன்னால் எனக்கு அவர்மேல்தான் கோபம் வரும்.

டிசம்பர் இருபத்தேழாம் திகதி காலை அவள் என் முன்னால் வந்து நின்றாள்.

“பதின்மூண்டு வயசில போன் வாங்கித் தாறன் எண்டு சொன்னீங்க.”

“ஓம். பெப்ரவரியில.”

“ஏன் பெப்ரவரியில? எனக்கு இண்டைக்குப் பதின்மூண்டு.” சிரிப்பு இல்லை, சண்டை இல்லை. வங்கிக்காரி மாதிரிச் சொன்னாள். அன்று பின்னேரமே வாங்கிக் கொடுத்தேன். பெப்ரவரியில் மனைவி வழக்கம்போல் கேக் செய்தாள். அவள் ஒரு துண்டு எடுத்தாள், நன்றி சொன்னாள், “ஆரின்ர பேர்த்டே?” என்று கேட்டாள். மனைவி என்னைப் பார்த்த பார்வைக்கு, ஆட்சேபணை எழுதுவதென்றால் அயர்லாந்தில் தாள் போதாது.

மார்ச்சில் கோச் தொலைபேசியில் வந்தார். மகளோடு நேரே பேசவேண்டும் என்றார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், தோர்ண்டன் ஹீத்துக்குக் கிட்ட, பெண்பிள்ளைகளுக்கு ஒரு பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட அணி தொடங்கியிருக்கிறார்களாம். ஹரோவிலிருந்து அங்கே போவதற்குள் ஒருவர் அயர்லாந்துக்கே போய்விடலாம். “கூட்டிக்கொண்டு போவீங்களா?” என்று அவள் கேட்டாள். போனுக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் விஷயம். கூட்டிக்கொண்டு போனேன். ஒரு வழிக்கு ஒன்றரை மணித்தியாலம், வழியெல்லாம் ரோட்டு வேலை.

மைதானத்தின் ஓரத்தில் ஓர் அம்மா தன் காரின் பொனட்டை மேசையாக்கிப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். சிவந்த முகம், பெரிய சிரிப்பு. பெயர், முகவரி, ஆஸ்துமா உண்டா என்று கேட்டு எழுதினார்.

“பிறந்த திகதி?”

இங்கே எந்தத் திகதி சொன்னாலும் அவள் அணியில் இருப்பாள். பதினான்குக்குக் கீழ் என்ற கோடு இரண்டு திகதிக்கும் எட்டவே எட்டாது. குடியுரிமை கையில் இருக்கிறது. ஒரு சதம் செலவில்லாமல் உண்மை சொல்ல இதைவிட நல்ல இடம் லண்டனில் இல்லை. நான் ஒரு அடி முன்னால் வந்து, “பெப்...” என்று வாயைத் திறந்தேன்.

“டிசம்பர் இருபத்தேழு,” என்றாள் மகள்.

அந்த அம்மா எழுதியபடியே சிரித்தார். “கிறிஸ்மஸ் பிள்ளையா! பாவம். ரெண்டுக்கும் சேர்த்து ஒரே பரிசுதான் கிடைக்கும், என்ன?”

“ஒவ்வொரு வருஷமும்,” என்றாள் அவள், கண் இமைக்காமல். “சின்ன வயசில அழுவன். இப்ப பழகிப்போச்சு.”

அவ்வளவு சரளம், அவ்வளவு இயல்பு. அந்த அம்மா அவள் தோளைத் தட்டி, “இந்த வருஷம் நாங்க உனக்குத் தனியா ஒரு கேக் வெட்டுவம்,” என்றார். பிறகு நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார், பிள்ளைக்கு ஒரு பரிசு வாங்கிக் கொடுக்கவும் மனம் வராத கஞ்சனைப் பார்க்கிற பார்வை. மகள் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டு புல்லுக்குள் ஓடிவிட்டாள். நான் படிவத்தின் அடியில், ‘மேற்கண்ட விபரங்கள் யாவும் உண்மை’ என்ற இடத்தில், பெற்றோர் என்று கையெழுத்துப் போட்டேன்.